அமைச்சரும் அலுவலரும்: நடுநிலைக்கு வந்த ஒரு சோதனை
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நடுவு நிலைமை என்பது நம் முன்னோர் போற்றிய பண்புகளுள் தலையாயது. வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, சான்றோரின் மனத்தைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார். வழக்காடும் இருவருக்கு நடுவே அமரும் நீதிபதிக்கு இவ்வுவமை எளிதில் பொருந்தும். ஆனால் ஓர் அரசு அலுவலருக்கு இது எவ்வாறு பொருந்தும்? அவர் நீதிபதி அல்லர். அமைச்சரின் கீழ்ப் பணிபுரிபவர். அமைச்சரோ ஒரு கட்சியைச் சார்ந்தவர். கட்சி சார்ந்த ஒருவருக்குக் கட்சி சாராத ஒருவர் எவ்வாறு நேர்மையாகப் பணிபுரிவது? அதிலும், அமைச்சர்களே இரு பிரிவாகப் பிரிந்து எதிரெதிரே நின்றால், அலுவலர் யாருக்குக் கோப்பை எடுத்துக் கொடுப்பது? யாருக்கு மறுப்பது?

இது வெறும் கற்பனை வினா அன்று. 2016-ஆம் ஆண்டில் பிரிட்டன் நாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்று மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தப்பட்டபோது இந்த வினா உண்மையாகவே எழுந்தது. அதற்கு அந்நாட்டார் கண்ட விடை என்ன, அதில் நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்சிப்பணியின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் அரசு வேலை என்பது பெரிய மனிதர்களின் சிபாரிசினால் கிடைப்பதாக இருந்தது. திறமை இருந்தும் தெரிந்தவர் இல்லாதவர்க்கு இடமில்லை. இக்குறையை நீக்க, ஸ்டாஃபோர்ட் நார்த்கோட், சார்லஸ் டிரவெல்யன் என்னும் இருவர் தயாரித்த அறிக்கை 1854-ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. போட்டித் தேர்வின் மூலம் ஆட்களை எடுக்க வேண்டும். தகுதி கண்டு பதவி உயர்வு தர வேண்டும். ஆட்சிகள் மாறினாலும் அலுவலர்கள் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். அதே 1854-இல், இந்தியாவுக்கு வரும் ஆட்சிப் பணியாளரையும் போட்டித் தேர்வினாலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மெக்காலேயின் குழு கூறியது. மெக்காலே டிரவெல்யனின் மைத்துனர். இன்று நம் நாட்டு இளைஞரும் இளம்பெண்களும் எழுதும் ஆட்சிப்பணித் தேர்வுக்கு அதுவே வித்து.

டிரவெல்யன் நமக்கு அந்நியர் அல்லர். அவர் 1859-இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். அப்போது இந்திய அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் என்பார் புதிய வரிகளை விதிக்க முற்பட்டார். டிரவெல்யன் அவ்வரிகளை எதிர்த்தார். எதிர்த்ததோடு நில்லாமல், தம் அரசு எழுதிய எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். அதன் பயனாக 1860-இல் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அலுவலர் எவ்வாறு இருக்க வேண்டும் என்று அறிக்கை எழுதியவரே, அரசின் உள் ஆவணத்தை வெளியிட்டுப் பதவி இழந்தார் என்பது வரலாற்றின் விந்தை. கருத்து வேற்றுமையும் அரசின் கோப்பும் சந்திக்கும் இடம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இஃது ஒரு பழைய சான்று.

இன்று பிரிட்டனின் ஆட்சிப்பணி, 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இயங்குகிறது. நேர்மை, வாய்மை, புறவயநோக்கு, நடுநிலை ஆகிய நான்கும் அலுவலருக்குரிய நற்பண்புகள் என அப்பணியின் நடத்தை நெறி வகுத்துள்ளது. நடுநிலை என்பதற்கு அந்நெறி தரும் பொருளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எல்லாக் கட்சிகளிடமிருந்தும் ஒதுங்கி நிற்பது மட்டுமே நடுநிலை ஆகாது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த அரசுக்கு ஒரே அளவு திறமையோடும் உண்மையோடும் பணி செய்வதே நடுநிலை என்பது அதன் கருத்து.

கூட்டுப் பொறுப்பு

அலுவலரின் கடமையை அறிந்தோம். இனி அமைச்சரின் கடமையைக் காண்போம். அமைச்சரவைக் கூட்டத்தில் அமைச்சர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால் முடிவு எடுத்தபின் அதுவே அனைவரின் முடிவு. வெளியில் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும்; இயலாதவர் பதவி விலக வேண்டும். இதனைக் கூட்டுப் பொறுப்பு என்பர். நம் அரசியலமைப்பின் 75-ஆம் பிரிவும், மத்திய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றே கூறுகிறது.

இந்தக் கூட்டுப் பொறுப்பு இருக்கும்வரை அலுவலருக்குக் குழப்பமில்லை. எல்லா அமைச்சருக்கும் கருத்து ஒன்றுதானே! அந்த ஒரு கருத்தை நிறைவேற்றத் துணை நிற்பது அவருக்கு எளிது. கூட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

முதல் அனுபவம்: 1975

பிரிட்டன் 1973-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, எட்வர்ட் ஹீத் பிரதமராக இருந்தபோது, ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அடுத்து வந்த பிரதமர் ஹரால்ட் வில்சனின் கட்சியில் இது குறித்துக் கடும் பிளவு இருந்தது. ஆகவே அவர் மக்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அமைச்சரவையில் 16 பேர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றனர். 7 பேர் விலக வேண்டும் என்றனர். டோனி பென், மைக்கேல் ஃபுட், பார்பரா காசில், பீட்டர் ஷோர் ஆகியோர் அந்த எழுவருள் சிலர். எதிர்க்கருத்துடைய அமைச்சர்கள் பதவியில் இருந்துகொண்டே பொதுமேடைகளில் எதிர்த்துப் பேசலாம் என்று வில்சன் அனுமதித்தார். ஆயினும் பாராளுமன்றத்துக்குள் அரசின் சார்பில் பேசும்போது எதிர்த்துப் பேசக் கூடாது என்றும் வரம்பு கட்டினார். எரிக் ஹெஃபர் என்னும் துணை நிலை அமைச்சர் அவ்வரம்பை மீறி அவையிலேயே எதிர்த்துப் பேசியதால் 1975 ஏப்ரலில் பதவி நீக்கப்பட்டார்.

அந்த வாக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று துண்டுப் பிரசுரங்கள் அனுப்பப்பட்டன. ஒன்று ஆதரிப்போர் எழுதியது. ஒன்று எதிர்ப்போர் எழுதியது. மூன்றாவது அரசே எழுதியது. அரசும் ஆதரவுப் பக்கமே நின்றமையால், கணக்கு இரண்டுக்கு ஒன்று ஆயிற்று. 1975 ஜூன் 5-ஆம் நாள் வாக்களித்தவர்களுள் 67.2 விழுக்காட்டினர் தொடர்ந்து இருக்கலாம் என்றனர்.

ஸ்காட்லாந்தில் ஒரு விசித்திரம்: 2014

அடுத்து ஒரு புதுமையான நிலையைக் காண்போம். ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாகலாமா என்று 2014 செப்டம்பர் 18-ஆம் நாள் அங்கு வாக்கெடுப்பு நடந்தது. ஸ்காட்லாந்துக்கெனத் தனி அரசு உண்டு. அதன் அலுவலர்களோ பிரிட்டன் முழுமைக்கும் உரிய ஒரே ஆட்சிப்பணியைச் சேர்ந்தவர்கள். எடின்பரோவில் இருந்த அலுவலர்கள், பிரிவினை வேண்டும் எனும் தம் அரசுக்காகத் தனி நாட்டுத் திட்டத்தை நூலாகவே எழுதிக் கொடுத்தனர். இலண்டனில் இருந்த அலுவலர்கள், பிரிவினை வேண்டாம் எனும் தம் அரசுக்காக எதிர் அறிக்கைகளை எழுதினர். ஒரே பணியைச் சேர்ந்தவர்கள் எதிரெதிராக எழுதியும் இரு சாராரும் கடமை தவறியவர் அல்லர். ஒவ்வொருவரும் தாம் பணிபுரியும் அரசுக்கே உழைத்தனர்.

ஆனால் ஒரு செயல் குறைகூறப்பட்டது. பிரிந்துபோகும் ஸ்காட்லாந்துடன் நாணயத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம் என்று நிதித்துறையின் நிரந்தரச் செயலாளர் நிக்கோலஸ் மக்ஃபர்சன் தம் அமைச்சருக்கு எழுதிய ஆலோசனை, 2014 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. அலுவலர் அமைச்சரிடம் தனித்துச் சொல்லும் ஆலோசனையை ஊரறியச் செய்வது, அலுவலரையே பிரசார மேடையில் ஏற்றுவது போலாகும் எனப் பாராளுமன்றக் குழு ஒன்று 2015-இல் அதைக் கண்டித்தது.

2016: கோப்பறையின் கதவு

ஸ்காட்லாந்து தொடர்ந்து பிரிட்டனிலேயே இருக்க முடிவு செய்தது. இரண்டே ஆண்டுகளில் நாடு முழுமைக்கும் மற்றொரு வாக்கெடுப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதே நன்று என்பது பிரதமர் டேவிட் கேமரன் அரசின் நிலை. எனினும் அமைச்சர்கள் தம் மனச்சான்றுப்படி எப்பக்கமும் பேசலாம் என்று அவர் 2016 ஜனவரியில் அறிவித்தார். பிப்ரவரி 20-ஆம் நாள், சனிக்கிழமையன்று, அமைச்சரவை கூடியது. ஜூன் 23-இல் வாக்கெடுப்பு என நாள் குறிக்கப்பட்டது. நீதித்துறையின் மைக்கேல் கோவ், ஓய்வூதியம் முதலிய சமூக உதவிகளைக் கவனித்த இயன் டங்கன் ஸ்மித், மக்கள் சபைத் தலைவர் கிரிஸ் கிரேலிங், பண்பாட்டுத் துறையின் ஜான் விட்டிங்டேல், வட அயர்லாந்துக்குப் பொறுப்பான தெரேசா வில்லியர்ஸ், வேலைவாய்ப்புக்குரிய பிரீத்தி பட்டேல் ஆகிய அறுவரும் விலகல் பக்கம் நின்றனர்.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 23-இல், ஆட்சிப்பணியின் தலைவரும் அமைச்சரவைச் செயலாளருமான ஜெரமி ஹேவுட் எல்லாத் துறைகளுக்கும் ஒரு வழிகாட்டுக் குறிப்பை அனுப்பினார். அதன் கருத்துகள் வருமாறு:

1. அரசின் நிலையை எதிர்க்கும் அமைச்சர்களுக்கு, வாக்கெடுப்புப் பொருள் குறித்து, அலுவலர்கள் உரையோ குறிப்போ எழுதித் தரலாகாது.

2. அப்பொருள் பற்றிய துறைக் கோப்புகளையும் அவர்களுக்குக் காட்டலாகாது. முன்பே அவர்கள் பார்த்திருந்த கோப்புகளுக்கு இத்தடை இல்லை. அவர்களது சிறப்பு ஆலோசகர்களுக்கும் இவ்விதியே.

3. அவர்கள் கேட்டால், ஒரு செய்தி உண்மையா என்று சரிபார்த்துச் சொல்லலாம்.

4. இருப்பதா, விலகுவதா என்னும் ஒரு வினா நீங்கலாக, ஐரோப்பா சம்பந்தமான பணிகள் உட்பட மற்ற எல்லா அரசுப் பணிகளும் வழக்கம்போல் நடைபெறும்.

எழுந்த எதிர்ப்பு

இக்குறிப்பு வெளிவந்ததும் பெரும் சலசலப்பு உண்டாயிற்று. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அலுவலர், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சருக்குக் கோப்பை மறுப்பதா என்று பிரீத்தி பட்டேல் உள்ளிட்டோர் வினவினர். பிப்ரவரி 29-ஆம் நாள் பெர்னார்ட் ஜென்கின் என்னும் உறுப்பினர் மக்கள் சபையில் அவசர வினா எழுப்பினார். அமைச்சர் மாத்யூ ஹான்காக் அரசின் சார்பில் விடையளித்தார். மறுநாள் ஜென்கின் தலைமை வகித்த பாராளுமன்றக் குழுவின் முன் ஹேவுட் தாமே வந்து அமர்ந்து விளக்கம் தந்தார். அமைச்சர்கள் தம் துறையை நடத்தத் தேவையான செய்திகள் எதுவும் தடுக்கப்படா. தடை வாக்கெடுப்புப் பிரசாரத்துக்குப் பயன்படும் குறிப்புகளுக்கு மட்டுமே என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்குறிப்பு ஹேவுட்டின் கையெழுத்துடன் வந்தாலும், அந்த ஏற்பாடு பிரதமருடையது. பிரதமர் ஜனவரியிலேயே அமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் அதன் அடிப்படையைக் கூறியிருந்தார். தம் தலைவரை நேரே குறைகூறத் தயங்கியவர்களும் அலுவலரைக் குறைகூறத் தயங்கவில்லை. அமைச்சர் மேடையேறிப் பதில் சொல்லலாம். அலுவலர் சொல்ல முடியாது. ஹேவுட் பிளேர், பிரவுன், கேமரன், தெரேசா மே என நான்கு பிரதமர்களிடம் உயர்பொறுப்புகளில் பணியாற்றியவர். முன்னிருவர் ஒரு கட்சி, பின்னிருவர் மற்றொரு கட்சி. 2018 நவம்பரில், தமது 56-ஆம் வயதில், அவர் காலமானார்.

எப்பக்கம் நியாயம்?

எளிய எடுத்துக்காட்டு ஒன்றினால் இதனைச் சிந்திப்போம். ஒரு பள்ளியில் மாணவியர் மன்றம் உள்ளது என்று கொள்வோம். நூலக நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றலாமா என்று எல்லா மாணவியரிடமும் வாக்குக் கேட்கிறார்கள். மன்றத்தின் முடிவு, மாற்றலாம் என்பது. மன்ற உறுப்பினர் இருவர் வேண்டாம் என்கிறார்கள். மன்றத்தின் பதிவேடுகளை வைத்திருக்கும் செயலாளர் என்ன செய்ய வேண்டும்?

அந்த இருவருக்கும் அவள் பேச்சு எழுதித் தர வேண்டுமா? வேண்டியதில்லை. அவள் மன்றத்தின் செயலாளர். மன்றத்தின் முடிவுக்கு எதிராகப் பேச்சு எழுதுவது அவள் வேலை அன்று. ஆனால் மாலையில் எத்தனை பேர் நூலகத்துக்கு வருகிறார்கள் என்ற வருகைப் பதிவேட்டை அந்த இருவரும் கேட்டால், அதை மறைக்கலாமா? கூடாது. அப்பதிவேடு மன்றத்தின் கருத்து அன்று. அது நடந்த உண்மை. அதிலும், அவ்விருவருள் ஒருத்தியே நூலகப் பொறுப்பாளர் என்றால், அவள் பொறுப்பில் உள்ள பதிவேட்டை அவளுக்கே மறைப்பது எப்படித் தகும்?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஹேவுட்டின் முதல் விதி நேரியதே எனலாம். ஓர் அரசுக்கு ஒரு நிலைதான் இருக்க முடியும். இரு பக்கத்துக்கும் அலுவலரே வாதம் எழுதித் தந்தால், அவர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் எழுதும் கூலி எழுத்தாளர் ஆகிவிடுவார். மூன்றாம் விதியும் நன்று. அது உண்மைக்கு மரியாதை தருகிறது.

இரண்டாம் விதிதான் உறுத்துகிறது. பிரசாரத்துக்கான குறிப்பு எது, துறை நடத்துவதற்கான செய்தி எது என்று எல்லை பிரிப்பது அவ்வளவு எளிதா? வட அயர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நில எல்லை உள்ளது. பிரிட்டன் விலகினால் அதுவே ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையாகும். அந்த எல்லை பற்றிய ஒரு கோப்பு வாக்கெடுப்புக் கோப்பா? அன்றாட ஆட்சிக் கோப்பா? வில்லியர்ஸ் அம்மையார் அப்பகுதிக்குப் பொறுப்பான அமைச்சர். தம் துறையில் நடப்பது அனைத்துக்கும் பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருடைய செயலாளர் அல்லர். தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்கச் சொல்வது நீதி ஆகுமா? ஹேவுட் பின்னர் அளித்த விளக்கம் இக்குறையை ஓரளவு போக்கியது என்றாலும், முதலிலேயே தெளிவாக எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடம் இருந்திராது.

வாக்காளரின் உரிமை

அமைச்சர்களின் சண்டையில் நாம் மறக்கக் கூடாதவர் வாக்காளர். கோப்பில் உள்ள உண்மை அமைச்சருக்கு மட்டும் உரியதன்று; வரி கொடுக்கும் மக்களுக்கும் உரியது.

2016 ஏப்ரலில் அரசு, தன் நிலையை விளக்கும் பிரசுரம் ஒன்றை 93 இலட்சம் பவுண்டு செலவில் வீடுதோறும் அனுப்பத் தொடங்கியது. அதே வாக்கெடுப்பில் ஒவ்வொரு தலைமைப் பிரசாரக் குழுவும் செய்யலாம் என அனுமதிக்கப்பட்ட உச்ச செலவே 70 இலட்சம் பவுண்டுதான். அரசுப் பணத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஆதரிப்பது முறையா என்று பலர் மனம் குமுறினர். வாக்கெடுப்புக்கு முந்திய 28 நாள்களில் அரசு இவ்வாறு பிரசுரங்களை வெளியிடக் கூடாது என 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தேர்தலை ஒட்டிய இத்தகைய தடைக்காலத்தை அந்நாட்டார் 'பர்தா' என்கின்றனர். திரை எனப் பொருள்படும் இச்சொல் நம் நாட்டிலிருந்து அங்குச் சென்றது. ஆனால் பிரசுரமோ தடைக்காலம் தொடங்குமுன் அனுப்பப்பட்டுவிட்டது.

இந்த இரைச்சலுக்கு நடுவே, நடுநிலை என்றால் என்ன என்பதை அமைதியாகக் காட்டியவர்களும் இருந்தனர். பிரிட்டன் வாரந்தோறும் 35 கோடி பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது என விலகல் அணியினர் கூறினர். திரும்பிக் கிடைக்கும் தொகையைக் கழிக்காத அந்தக் கணக்கு மக்களைத் தவறாக வழிநடத்துவது எனப் புள்ளிவிவர ஆணையத்தின் தலைவர் ஆண்ட்ரூ டில்நாட் மே மாதத்தில் வெளிப்படையாக அறிவித்தார். அதேபோல், ஐரோப்பாவிலிருந்து வந்தோர் தொகைக்கும், அவர்களுக்கு வழங்கப்பட்ட தேசியக் காப்பீட்டு எண்களின் தொகைக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. அரசு எதையோ மறைக்கிறது என விலகல் அணியினர் ஐயுற்றனர். மே 12-ஆம் நாள் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், குறுகிய காலம் தங்கிச் செல்வோரே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று விளக்கி, கணக்கை எல்லோர் முன்பும் வைத்தது. இன்ன அமைச்சருக்குக் காட்டலாமா, கூடாதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உண்மையை ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுப்பதைவிட, எல்லோருக்கும் ஒருங்கே கொடுத்துவிடுவதே சிறந்த வழியன்றோ!

எழுதப்படாத கோப்பு

வாக்கெடுப்பின் முடிவு பலர் எதிர்பாராதது. 51.9 விழுக்காட்டினர் விலகலாம் என்றனர், 48.1 விழுக்காட்டினர் இருக்கலாம் என்றனர். மறுநாள் காலையிலேயே, பதவி விலகப் போவதாகக் கேமரன் அறிவித்தார்.

அப்போதுதான் பெரியதொரு குறை தெரியவந்தது. மக்கள் விலகச் சொன்னால் என்ன செய்வது என்று திட்டமிடும்படி, கேமரன் அரசு தன் துறைகளுக்குக் கட்டளையிடவே இல்லை. இதனைப் பாராளுமன்றத்தின் வெளியுறவுக் குழு, 2016 ஜூலையில், மிகப் பெரிய பொறுப்பின்மை எனச் சாடியது. ஜென்கின் குழுவும் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், இனி இத்தகைய வாக்கெடுப்புகளில் இரு முடிவுகளுக்கும் அலுவலர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றது. அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே தன்னுரிமையுடன் இயங்கிய இங்கிலாந்து வங்கியோ ஆயத்தமாக இருந்தது. முடிவு வெளியான காலையிலேயே, தேவைப்பட்டால் வங்கிகளுக்கு வழங்க 25,000 கோடி பவுண்டு தயாராக உள்ளது என்று அதன் கவர்னர் மார்க் கார்னி அறிவித்துப் பதற்றத்தைத் தணித்தார்.

கோப்பை யாருக்குக் காட்டுவது என்று நாடே வாதிட்டது. ஆனால் மிகவும் வேண்டியிருந்த கோப்பு எழுதப்படவே இல்லை என்பதை முன்கூட்டிக் கேட்டவர் சிலரே. ஒரு பக்கத்தில் மட்டும் கருத்தைச் செலுத்தினால், மறுபக்கம் வரக்கூடும் என்பதே மறந்துபோகும். மக்களிடம் வினாக் கேட்பவர், எந்த விடை வந்தாலும் ஏற்கும் நெஞ்சத்தோடு கேட்க வேண்டும்.

புனித தாமஸ் மோர் காட்டும் வழி

இவ்விடத்தில் பிரிட்டன் மண்ணிலேயே தோன்றிய ஒரு புனிதரை நினைவுகூர்வது பொருந்தும். புனித தாமஸ் மோர், எட்டாம் ஹென்றி மன்னனிடம் தலைமை நீதியமைச்சராய் விளங்கியவர். திருச்சபை குறித்து மன்னன் சென்ற வழியை அவரால் ஏற்க இயலவில்லை. பதவியில் ஒட்டிக்கொண்டே மன்னனுக்குக் குழிபறிக்க அவர் நினைக்கவில்லை. பதவிக்காக மனச்சான்றை விற்கவும் இல்லை. 1532-இல் பதவியைத் துறந்தார். 1535-இல் உயிரையும் ஈந்தார். 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அரசியலாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இன்றைய அமைச்சருக்குத் தலை போகும் ஆபத்து இல்லை. ஆயினும் மோரின் நேர்மையில் அமைச்சருக்கும் அலுவலருக்கும் பாடம் உண்டு. அரசின் நிலையை எதிர்க்க உரிமை பெற்ற அமைச்சர், அந்த எதிர்ப்புக்கு அரசின் அலுவலரையே கருவியாக்க விரும்பலாகாது. தம் அரசின் நிலையை ஆதரிக்கும் அலுவலர், அதற்காக உண்மையை மூடி வைக்கவும் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் அறியத்தக்கது ஒன்று. அரசு அலுவலரின் நடுநிலை, இரு பக்கத்துக்கும் சமமாக வேலை செய்வது அன்று. எப்பக்கத்துக்கும் வேலை செய்யாமல் சும்மா இருப்பதும் அன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் முடிவுக்கு முழு உழைப்பைத் தருவதும், உண்மையை ஒருவருக்கும் மறுக்காதிருப்பதும் சேர்ந்ததே அந்த நடுநிலை. வாதத்தை ஒரு பக்கத்துக்கு எழுதலாம். கணக்கை ஒரு பக்கத்துக்கு எழுத முடியாது.

அன்புத் தோழியரே! நாளை நம்முள் சிலர் ஆட்சிப்பணித் தேர்வு எழுதிக் கலெக்டராக வரலாம். சிலர் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியலாம். சிலர் சட்டசபைக்கும் செல்லலாம். மற்ற அனைவரும் வாக்காளராக இருப்போம். நம் மேசைக்கு வரும் கோப்பு பெரிதாயினும் சிறிதாயினும், கேட்டு வருபவர் நமக்கு வேண்டியவராயினும் வேண்டாதவராயினும், அவருக்குரிய உண்மையை மறைக்காமல் எடுத்துக் கொடுக்கும் துணிவை நாம் இப்போதே பழகிக்கொள்வோமாக. அத்தகைய அலுவலர்கள் நிறைந்த நாட்டில், மக்கள் எவ்வழி வாக்களித்தாலும் தெரிந்து வாக்களிப்பர்.